கத்தி பிடித்த கையின் அறம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே 'சவரம்' என்னும் ஒற்றைச் சொல்லைக் கண்ட அன்பர் ஒருவர், 'சமரசம்' என்பதுதான் அச்சில் சிதைந்துவிட்டதோ என்று தொலைபேசியில் வினவினார். அச்சுக்கூடத்தார்மீது பழியில்லை, நான் கொடுத்த தலைப்பு அதுவேதான். நிலவும் மலரும் பாடப்பெற்ற அவையில் இப்பொருள் எதற்கு என்று நீங்கள் கருதக்கூடும். சொல்லை ஆள்பவர்கள் நிறைந்த அவை இது. ஒரு தொழிலைக் குறிக்கும் சொற்கள் உயர்ந்தும் தாழ்ந்தும் போன வரலாற்றைச் சொல்லை ஆள்பவர்களிடத்தன்றி வேறு எவரிடத்தில் முறையிடுவது?

முதற்கண், திறந்த கத்தியால் முகம் மழிக்கும் முறையைச் சற்றே நிரல்படக் கூற விரும்புகிறேன். பெண்ணாகிய எனக்கு அந்த நாற்காலியில் அமரும் தேவை நேர்ந்ததில்லை. ஆயினும் 1980களின் நடுவில், பள்ளியாசிரியராய் இருந்த என் தந்தையாருடன் ஞாயிறுதோறும் எங்கள் நெல்லைச் சீமைச் சிற்றூரின் சலூனுக்குச் செல்வேன். மரப்பலகையில் அமர்ந்து, செய்தித்தாளை எழுத்துக்கூட்டிப் படித்தவாறே நான் கண்ட காட்சி இது.

முதலில் நீர். விரல்களை நனைத்துத் தாடி மயிரின் முரட்டுத்தன்மை தணியும்வரை பொறுமையாகத் தேய்ப்பார். நாட்டுப்புறத்தில் வீடு வீடாகச் சென்று பணிசெய்த காலத்தில் இந்த நீரும் விரலும் மட்டுமே. சோப்பு நுரை என்பது சலூன் வந்த பின்னர் வந்து சேர்ந்த வசதி. அடுத்து, கத்தியைத் தீட்டுதல். சாணைக்கல்லில் தீட்டும்போது கத்தியின் வாய் முன்செல்லும்; தோல்வாரில் தீட்டும்போது முதுகு முன்செல்ல, வாய் பின்தொடரும். இந்த வேறுபாடு பிறழ்ந்தால் வாரும் அறுபடும், கத்தியும் மழுங்கும். இறுதியாகத் தம் உள்ளங்கையிலேயே ஓரிரு முறை மென்மையாகத் தீட்டுவார். பிறர் கன்னத்தில் படுவதற்கு முன்னர் அக்கத்தி அவர் கையில் பட்டாக வேண்டும் என்பதுபோல எனக்கு அப்போது தோன்றும்.

பின்னர் இடக்கை விரல்களால் தோலை இழுத்துப் பிடித்து, ஏறத்தாழ 30 பாகை சாய்வில் கத்தியை வைப்பார். சாய்வு கூடினால் தோல் கிழியும். குறைந்தால் மயிர் அறுபடாது இழுபடும். கை அழுத்தலாகாது, கத்தி தன் எடையாலேயே செல்ல வேண்டும். மயிர் வளர்ந்த போக்கில் முதலில் ஒரு முறை; மீண்டும் நுரை பூசி, குறுக்காகவோ எதிர்ப்போக்கிலோ மறுமுறை. மேலுதட்டை மழிக்கும்போது மூக்கின் நுனியை இரு விரலால் மெல்ல உயர்த்துவார். ஊரில் எவர் மூக்கையும் அவ்வாறு பிடிக்கும் உரிமை வேறொருவர்க்கு இருந்ததாக நான் அறியேன்.

கழுத்துக்கு வரும்போது பேச்சு நின்றுவிடும். தாடியின் போக்கு திசை மாறிச் சுழல்கின்ற இடம் அது. தோலுக்கு மிக அண்மையில் உயிர்நரம்புகள் ஓடும் இடமும் அதுவே. "கொஞ்சம் நிமிருங்க சார்வாள்" என்பார். என் தந்தையார் தலையைப் பின்சாய்த்துக் கண்களை மூடிக்கொள்வார். எவ்வளவோ பேர் எதிரே குரல் உயர்த்தி நின்ற அவர், கண்மூடிக் கழுத்தைக் காட்டி அமர்ந்திருந்தது அந்த ஒருவர் முன்னிலையில் மட்டுமே. எல்லாம் முடிந்தபின் ஈரமான படிகாரக் கல்லை முகமெங்கும் ஒற்றுவார். கீறல் இருந்தால் அது சுரீரென்று காட்டிக்கொடுக்கும். தந்தையார் முகம் சுளித்து நான் கண்டதில்லை.

அவையோரே, இந்தப் பத்து நிமிட நேரத்தில் நிகழ்வது என்ன? ஒருவர் தம் உயிரை மற்றொருவர் கைப்பிடியில் ஒப்படைக்கிறார். ஒப்பந்தம் இல்லை, சாட்சி இல்லை. கத்தி ஏந்தியவர் அந்த வல்லமையைப் பயன்படுத்துவதில்லை என்பது மட்டுமே அங்குள்ள சட்டம்.

இச்சட்டத்தின் கனத்தை உணர்ந்து எழுதியவர் கொலம்பியா நாட்டு எழுத்தாளர் எர்னாண்டோ தெய்யஸ். 1950இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற சிறுகதையில், கிளர்ச்சியாளர்களை வேட்டையாடிக் கொல்லும் படைத்தலைவன் ஒருவன் சவரக் கடைக்குள் நுழைந்து நாற்காலியில் சாய்கிறான். கடைக்காரரோ கிளர்ச்சியாளர்களுக்கு மறைவில் துணைநிற்பவர். கத்தி கழுத்தின்மீது ஊர்கையில் அவர் நெஞ்சுக்குள் போர் நடக்கிறது. ஒரே ஓர் அழுத்தம் போதும். ஆயினும் தம் கையில் படிய வேண்டியது நுரையே, குருதியன்று என்று தெளிந்து, ஒரு துளியும் கசியாமல் வேலையை முடிக்கிறார். வெளியேறும் படைத்தலைவன், இவர் தன்னைக் கொல்வார் என்று பிறர் கூறியதைச் சோதிக்கவே தான் வந்ததாகச் சொல்லிச் செல்கிறான். படைத்தலைவனின் கொடுமைக்கு அங்கு மன்னிப்பு வழங்கப்படவில்லை. ஒரு தொழிலின் அறம் மட்டும் காக்கப்பட்டது.

இனி நம் தமிழுக்கு வருவோம். இத்தகைய அறத்தை நாள்தோறும் காத்துவந்த மனிதரை நம் மொழி எவ்வாறு அழைத்தது?

அவரை மருத்துவர் என்றது, பண்டிதர் என்றது, ஈழத்தில் பரியாரி என்றது. இவை வெறும் முகமன் உரைகள் அல்ல. கட்டியைக் கீறி ஆற்றியவரும், மூலிகை அறிந்தவரும் அவரே. அவர் வீட்டுப் பெண் மருத்துவச்சியாக ஊரின் பிள்ளைப்பேறுகளைப் பார்த்தார். மேனாட்டிலும் இவ்வாறே. இங்கிலாந்தில் 1540இல் எட்டாம் ஹென்றி காலத்தில் நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர், 1745இல்தான் பிரிந்தனர். பிரான்சில் அறுவை மருத்துவத்தையே புதுக்கிய அம்புருவாஸ் பாரே நாவித மருத்துவராகத் தொழில் பயின்றவர். ஆனால் அங்குப் பிரிவு ஏற்பட்டபோது அறுவை மருத்துவர் உயர்ந்தார். நாவிதர் இழிவுக்கு ஆளாகாமல் தம் தொழிலில் நின்றார். இங்கோ மருத்துவம் கைநழுவியபின் சாதி ஒன்றே எஞ்சியது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. வசையாக வழங்கிப்போன 'அம்பட்டன்' என்னும் சொல்லை, வடமொழியின் 'அம்பஷ்ட' என்பதன் வழிவந்ததாக அகராதியார் காட்டுவர். மனுநூலோ அம்பஷ்டர்க்குரிய தொழிலாக மருத்துவத்தையே வகுக்கிறது. நோய் தீர்ப்பவர் என்னும் பொருள் உள்ளே உறங்க, வசை மட்டும் வெளியே விழித்திருக்கிறது.

இவற்றினும் என்னை ஆழமாகச் சிந்திக்க வைத்த சொல் 'குடிமகன்' என்பது. இந்நாட்டின் அரசியலமைப்பு ஒவ்வொருவர்க்கும் வழங்கும் உரிமைகளுக்கெல்லாம் உரியவரைத் தமிழில் 'குடிமகன்' என்கிறோம். இதே சொல் நம் சிற்றூர்களில் நெடுங்காலமாக நாவிதரைக் குறித்து வழங்கியது. முதல் வழக்கில் அவர் குடியைச் சேர்ந்தவர். இரண்டாம் வழக்கில் குடிகளுக்கு ஊழியம் செய்பவர். பிறந்த குழந்தைக்கு முதல் முடி இறக்கியவரும், மணமகனுக்கு முகச்சவரம் செய்தவரும், இறந்தவர்க்குச் சங்கு ஊதியவரும் அவரே. கூலியோ அறுவடைக் களத்தில் அளந்து விடும் தானியம். பணி நடந்த இடம் வீட்டின் கொல்லைப்புறம். தொட்டு மழிக்க வேண்டும். ஆனால் தொட்டதனால் தீட்டு என்று மழித்துக்கொண்டவர் உடனே குளிக்க வேண்டும். உயிரையே ஒப்படைத்த கையைத் தீட்டென்று கழுவிய முரண்பாட்டை நம் சமூகம் ஒரு வழக்கமாகவே நடத்தி வந்தது.

எங்கள் ஊர்ச் சலூனில் இம்முரண்பாட்டைச் சிறுமியாக இருந்தபோதே கண்டேன். என் தந்தையார் அந்தப் பெரியவரை 'அண்ணாச்சி' என்று அழைத்தார். அடுத்து நாற்காலியில் ஏறிய, மீசை அரும்பாத ஒரு பண்ணை வீட்டுப் பையன், அறுபது வயதைக் கடந்த அவரைப் பெயர் சொல்லி, 'சீக்கிரம் முடி' என்று ஒருமையில் ஏவினான். அவர் புன்னகை மாறாமல் கத்தியைத் தீட்டினார். அந்தப் பையனின் கழுத்திலும் கத்தி அதே மென்மையோடுதான் நகர்ந்தது.

இருப்பினும், சலூன் என்னும் அமைப்பு ஒரு திருப்புமுனை என்றே கருதுகிறேன். அச்சொல் ஐரோப்பிய மொழிகளில் விருந்தினரை வரவேற்கும் கூடத்தைக் குறித்தது. கொல்லைப்புறத்தில் குனிந்து நின்றவர், தமக்கென ஒரு கூடம் அமைத்துக்கொண்டு, ஊரையே தம் வாயிலுக்கு வரச் செய்தார். தானியத்தின் இடத்தில் காசு வந்தது. அழைத்தபோது ஓடும் நிலை மாறி, வந்தவர் வரிசையில் காத்திருக்கும் நிலை வந்தது. அந்தக் காத்திருப்பில்தான் செய்தித்தாள்கள் உரக்கப் படிக்கப்பெற்றன. எழுதப் படிக்க அறியாதவர்களும் நாட்டு நடப்பை அங்கே கேட்டறிந்தனர். திராவிட இயக்க ஏடுகள் பரவியதில் சலூன்களுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் பெரும்பங்கு உண்டு. 'இங்கு அரசியல் பேசக்கூடாது' என்னும் பலகை மாட்டப்பட்ட இடங்களில்தான் அரசியல் மிகுதியாகப் பேசப்பட்டது என்பதும் நாம் அறிந்ததே. அண்மைக் காலத்தில் தூத்துக்குடியில் முடிதிருத்தும் கலைஞர் ஒருவர் தம் கடைக்குள்ளேயே நூலகம் அமைத்து, வருவோரைப் படிக்கத் தூண்டி நாடறிந்தவரானார். அவர் புதிதாய் ஒன்றைத் தொடங்கியவர் என்பதோடு, பழைய மரபொன்றின் வாரிசு என்றும் சொல்லத் தோன்றுகிறது.

அந்தக் கூடத்திற்குள்ளும் அனைவரும் வரவேற்கப்படவில்லை என்பதை மறைத்துப் பேசுதல் அறமாகாது. ஒடுக்கப்பட்டோருக்கு முடிதிருத்த மறுத்த சலூன்கள் இருந்தன. மறுத்தவர் கையில் கத்தி இருந்தது. மறுக்கச் சொன்னவர் கையில் நிலம் இருந்தது. இக்கேள்வி அரசியல் நிர்ணய சபை வரை சென்றது. 1948 நவம்பர் 29ஆம் நாள், கடைகளில் நுழையும் உரிமை பற்றிய விவாதத்தில், 'கடை' என்றால் என்ன என்று விளக்கம் கேட்கப்பட்டது. அண்ணல் அம்பேத்கர், தம் பணியை நாடி வருவோர் எவர்க்கும் அதனை வழங்க ஆயத்தமாக இருக்கும் இடமே கடை என்று விரிந்த பொருள் கூறினார். சலவைக் கடையையும் சவரக் கடையையும் எடுத்துக்காட்டினார். மருத்துவரும் வழக்கறிஞரும்கூட அதில் அடங்குவர் என்றார். சவரத் தொழிலாளி, மருத்துவர், வழக்கறிஞர் மூவரையும் ஒரே சொல்லின்கீழ் நிறுத்திய அந்த விளக்கத்தில், 'குடிமகன்' என்னும் சொல்லின் இரு பொருள்களும் ஒருகணம் ஒன்றாகிவிட்டன என்றே நான் கொள்கிறேன்.

ஒரு பெண்ணாக நின்று இன்னொன்றையும் கூற வேண்டும். வளர்ந்த பெண்ணின் தலையை இக்கத்தி தொட்ட வேளைகள் இரண்டு. ஒன்று, அவளே விரும்பி நேர்ந்துகொண்ட முடிகாணிக்கை. மற்றொன்று, சில குலங்களில் கைம்மை எய்தியவள்மீது சுமத்தப்பட்ட மொட்டை. அழுது மறுத்த இளம்பெண்ணைப் பிடித்து அமர்த்தி மழிக்கச் செய்த கொடுமை வீட்டாருடையது. ஆயினும் கத்தி நாவிதருடையது. அந்தக் கத்தி ஒருநாள் 'மாட்டேன்' என்றது. 1890இல் பம்பாயில் நாவிதர்கள் கூட்டம் கூடி, கைம்பெண்களின் தலையை இனி மழிப்பதில்லை என்று முடிவு செய்தனர். படித்தோர் பலர் சாத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்த காலத்தில், தம் வருவாயில் ஒரு பகுதியை இழக்கத் துணிந்து, எழுத்தறிவு குறைந்த தொழிலாளர் நிகழ்த்திய அறச்செயல் அது. தெய்யஸின் கதையில் வந்தவர் கொல்ல மறுத்தார். இவர்கள் அவமதிக்க மறுத்தனர். மறுக்கும் வல்லமையும் அந்தக் கையின் கலையே.

காலம் அந்தக் கையைப் பல வகையில் விலக்கி வந்திருக்கிறது. அமெரிக்காவில் கிங் ஜில்லெட் என்பவர் 1901இல் நிறுவனம் தொடங்கி, 1903இல் மாற்றத்தக்க மெல்லிய பிளேடு கொண்ட கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதலாண்டில் விற்றவை 51 கருவிகள். மறு ஆண்டில் தொண்ணூறாயிரத்துக்கும் மேல். அவ்வகைக் கருவிக்குப் 'பாதுகாப்புச் சவரக்கத்தி' என்பது பெயர். அந்தப் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதுவரை பாதுகாப்பு கலைஞரின் கையில் இருந்தது. அன்றுமுதல் ஒரு சிறு உலோகத் தடுப்பில் அமர்ந்தது. முகம் மழித்தல் இருவர் செயலாய் இருந்தது போய், கண்ணாடி முன் நிற்கும் ஒருவரின் தனிச்செயலாயிற்று.

நம் நாட்டுச் சலூன்களில் திறந்த கத்தி அதன் பின்னும் நெடுங்காலம் நிலைத்தது. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரின் ஆய்வில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில், ஒரே கத்தியைப் பலர்க்குப் பயன்படுத்தலாகாது என்னும் விழிப்பு ஊர்தோறும் பரவியது. அது தேவையான விழிப்பு. 1990களில் எங்கள் ஊர்ச் சலூனிலும் தோல்வார் கழற்றப்பட்டது. புதுப் பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்திப் பிடியில் செருகும் முறை வந்தது. உறையைத் தம் கண்ணெதிரே பிரிக்கிறாரா என்று பார்த்த பின்னரே வந்தவர் கண்களை மூடினார். சாய்வும், தோலை இழுத்துப் பிடிக்கும் விரலும், கழுத்தருகே வரும் அமைதியும் மாறவில்லை. தீட்டும் கலை மட்டும் மறைந்தது. தீட்டும் கலை மறைந்தபோது அதைச் சுற்றியிருந்த சொற்களும் மறையத் தொடங்கின.

இப்போது என் முறையீட்டுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் முதுகலை மாணவி ஒருவர், உதவித்தொகை விண்ணப்பத்தை என் மேசையருகே நின்று நிரப்பிக்கொண்டிருந்தார். 'தந்தையின் தொழில்' என்னும் இடத்தில் அவர் பேனா நின்றது. நெடுநேரம் கழித்துக் 'கூலி' என்று எழுதினார். அவர் தந்தையார் சொந்தமாகச் சலூன் நடத்துபவர் என்பதை நான் அறிவேன். சங்கப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்லவல்ல அந்த மாணவிக்கு, தன் தந்தையின் தொழிலைத் தமிழில் எழுதக் கூசாத ஒரு சொல் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? 'என்ன சிரைக்கிறாய்?' என்று வீண்பொழுது போக்குபவனை வைகிறோம். 'இதற்குப் போய்ச் சிரைக்கலாம்' என்று இகழ்கிறோம். மேடையில் பேசுவோரும், ஏன், கவிதை எழுதுவோரும் இதனைத் தயக்கமின்றி ஆள்கின்றனர். திருக்குறள் 'கூடாவொழுக்கம்' அதிகாரத்தில் தலையை மழிப்பதையும் சடை வளர்ப்பதையும் பேசும்போது, போலித் துறவியைத்தான் கண்டிக்கிறது. மழிக்கும் தொழிலை இழித்துரைக்கவில்லை. புத்தரின் சங்கத்தில் சேர வந்த சாக்கிய இளவரசர்கள், தம் செருக்கு அடங்க வேண்டும் என்பதற்காக, நாவிதராகிய உபாலிக்கு முதலில் துறவு வழங்கச் செய்து, பின் அவரை வணங்கினர் என்று பௌத்த நூல்கள் கூறும். அந்த உபாலிதான் புத்தர் மறைவுக்குப்பின் முதற்சங்கத்தில் விநய விதிகளை ஓதி உறுதிசெய்தவர். நாவிதர் மரபில் வந்த சேனா என்னும் பக்திக் கவிஞரின் பாடல் ஒன்று சீக்கியரின் குரு கிரந்த சாகிபில் இடம்பெற்றுள்ளது. பிறர் வணங்கிய மரபை நாம் வசையாக்கி வைத்திருப்பது தமிழுக்குப் பெருமையாகுமா?

அந்த மாணவியிடம் நான் அறிவுரை ஏதும் கூறவில்லை. அவர் தாத்தா பயன்படுத்திய தொழிற்சொற்களைக் கேட்டு எழுதி வருமாறு மட்டும் வேண்டினேன். இரு வாரங்கள் கழித்து ஒரு குறிப்பேட்டுடன் வந்தார். கத்தியும் கல்லும் கிண்ணமும் வைக்கும் பைக்கு 'அடைப்பம்' என்று பெயர் என்பதை அதிலிருந்துதான் எங்கள் துறையில் பலர் அறிந்தோம். அகராதியில் உறங்கிய சொல், ஒரு வீட்டுத் திண்ணையில் உயிரோடு இருந்தது.

கவிஞர்களே, உங்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. அந்த வசையை உங்கள் எழுத்திலிருந்து விலக்கிவிடுங்கள். இவ்வட்டத்தின் வரும் திங்கட் கூட்டங்களுள் ஒன்றிற்கு நம் ஊரின் மூத்த முடிதிருத்தும் கலைஞர் ஒருவரை அழையுங்கள். பொன்னாடை போர்த்திப் பேசாமல் அமர்த்திவிடாமல், ஒரு மணி நேரம் அவரைப் பேசவிட்டு, நாம் கேட்டு எழுதிக்கொள்வோம். சாணை பிடித்த கதையும், கழுத்தருகே கை அடங்கிய கதையும் அவரிடம் இருக்கும். நம்மிடம் இல்லாத சொற்களும் இருக்கும். அடுத்த ஆண்டு மலரில் அவர் பெயரோடு அவை அச்சேறட்டும். அப்போது ஏதோ ஒரு கல்லூரியில், ஏதோ ஒரு மாணவி, 'தந்தையின் தொழில்' என்னும் இடத்தைக் கை நடுங்காமல் நிரப்பக்கூடும்.